பெண் பார்க்க வந்தவர்களிடம் நான் ஐஸ் உடைத்தது

அரைகுறை இங்கிலீஷ் தெரிந்தவனால் ஊருக்கு வருகிற ஆபத்து, இங்கிலீஷே தெரியாதவனால் ஒருநாளும் வராது. தெரியாதவன் பேசாமல் இருப்பான். முழுக்கத் தெரிந்தவன் அளந்து பேசுவான். நடுவில் நிற்பவன்தான், புதிதாக ஒரு தொடரைக் கற்றுக்கொண்டால் அதை எங்கே எடுத்து விடலாம் என்று நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு அலைவான். இருபத்திரண்டு வயதில் நான் அப்படித்தான் அலைந்தேன். அலைந்து திரிந்து, கடைசியில் அதை எடுத்து விட்ட இடம், என் சொந்த அக்காவைப் பெண் பார்க்க வந்த சபை.

ஐம்பதுகளின் பின்பாதி அது. றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி மேலே ஏறினால் வருகிற ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் சின்ன கிளாக்கர், அதாவது இளைய குமாஸ்தா. அப்பா அங்கேயே கங்காணி. அம்மாவும் அக்கா கனகமும் மலையில் கொழுந்து பறித்தார்கள். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, ஹட்டனில் படித்து, தோட்டத்து ஆபிஸுக்குள் சப்பாத்துக் காலோடு நுழைந்த முதல் ஆள் என்பதால் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் உண்டு. (கொஞ்சம் என்று நான்தான் சொல்கிறேன். அம்மாவைக் கேட்டிருந்தால் வேறு அளவு சொல்லியிருப்பார்.) வீட்டில் சோறு கேட்பதைக்கூட 'ப்ளீஸ்' போட்டுத்தான் கேட்பேன். "அந்தப் பிளீசையே தொட்டுக்கிட்டுத் தின்னு" என்று அக்கா தட்டை வைத்துவிட்டுப் போவாள்.

அந்த வருடம் பெரிய துரைக்கு உதவியாகச் சீமையிலிருந்து புதிதாக ஒரு சின்ன துரை வந்தார். முதல் நாள் காலை ஆபிஸில் பெரிய கிளாக்கரும் நானும் மற்றவர்களும் வரிசையாக நின்றோம். துரை பேசாமல் நாம் பேசுகிற வழக்கம் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. அவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம். வெளியே றொசல்ல மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, "கடலில் வரும்போதுகூட இவ்வளவு தண்ணீரை நான் பார்க்கவில்லை" என்று இங்கிலீஷில் சொன்னார். பெரிய கிளாக்கர் சிரித்தார். அவர் சிரித்ததால் நாங்களும் சிரித்தோம். அரை மணி நேரத்தில் ஆபிஸ் பழையபடி நடமாட ஆரம்பித்துவிட்டது.

அன்று மாலை நான் அவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன், காலையில் அதை எப்படிச் செய்தீர்கள் என்று. அவருக்கு ஒரே சந்தோஷம். "இதற்குப் பெயர் பிரேக்கிங் த ஐஸ்" என்றார். முன்பின் பழகாதவர்கள் ஓரிடத்தில் உம்மென்று இருந்தால், அவர்களுக்கு நடுவில் ஐஸ் கட்டியிருக்கிறது என்று அர்த்தமாம். யாராவது ஒருவர் லேசாக எதையாவது சொல்லி அதை உடைத்துவிட வேண்டுமாம். அதற்குப் படிகள் உண்டு. முதலில் மழை, வெயில். அதில் உடையாவிட்டால் நம்மையே நாம் கேலி செய்துகொள்ள வேண்டும். அதிலும் உடையாவிட்டால் நம் வீட்டாரைக் கொஞ்சம் கேலி செய்யலாம். அடுத்தவனைத் தொடவே கூடாது. வெள்ளைக்காரன் பாதி உலகத்தைப் பிடித்த ரகசியம் இதுதான் என்று எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. (நம் ஆட்களுக்கு ஐஸ் வைக்கத்தான் தெரியும். உடைக்கத் தெரியாததால்தான் உருப்படவில்லை என்று ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.)

பிறகு சும்மா இருப்பேனா? ஹட்டனுக்குப் போகிற ரயிலில் எதிரே இருந்தவரிடம் மழையைப் பற்றிச் சொன்னேன். அவர் ஹட்டன் வரும்வரை தன் மூல வியாதியைப் பற்றிச் சொன்னார். ஐஸ் உடைந்தது. அடுத்து, மலைக்குக் கீழே இருக்கிற பணிய லயத்தில் ஒரு சாவு வீடு. எல்லோரும் பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். செத்தவரின் தம்பியிடம், "மழை மட்டும் இல்லேன்னா இன்னைக்கு நல்லா இருந்திருக்கும், இல்லீங்களா?" என்றேன். அவர் என்னையே பார்த்தார். இங்கே ஐஸ் கொஞ்சம் கனம் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டிய இடம் அது. வரவில்லை.

இனி அக்காவின் விஷயம். அக்காவுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. வந்த ஒரு நல்ல சம்பந்தமும் முந்தின வருடம் கலைந்து போயிற்று. காரணம், கொழுந்து நிறுக்கிற இடத்தில் நடந்த ஒரு சம்பவம். புதிதாக வந்த கணக்கப்பிள்ளை ஏதோ சொல்ல, அக்கா தன் கொழுந்துக் கூடையைத் தூக்கி அவன் தலையில் கவிழ்த்துவிட்டாள். அவன் காதுக்குள்ளிருந்தும் கழுத்துப்பட்டிக்குள்ளிருந்தும் இலை பொறுக்கி எடுக்க வேண்டியிருந்ததாம். 'கூடைக்காரி' என்று பெயர் பரவியது. பேசிக்கொண்டிருந்த சம்பந்தக்காரர்கள் அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்துப் பக்கமே வரவில்லை. அப்பா லயத்தில் ஒவ்வொரு வீட்டுக் காம்பராவாகப் போய், இனி இந்தக் கதையை யாரும் வெளியாட்களிடம் எடுக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். அத்தனை லயமும் வாயைக் கட்டிக்கொண்டது. அடிபட்ட கணக்கப்பிள்ளைகூட மானத்துக்குப் பயந்து மூச்சு விடவில்லை.

இந்த நிலையில்தான் உடப்புசல்லாவைப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை மணியம், தேயிலை அரைக்கிற ஸ்டோரில் இஞ்சின் பார்க்கிறவர். நல்ல மனிதர், குடி கிடையாது என்று விசாரித்ததில் தெரிந்தது. அக்கா வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க வீட்டுச் சுவருக்கு வெள்ளை அடித்தவள் அவள்தான். இதுவும் கலைந்தால் அடுத்தது வருவது கஷ்டம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன். வந்தவர்கள் உள்ளே போய் உட்கார்வதற்குள் லயத்துக்குக் கீழே கார் சேற்றில் புதைந்துவிட்டது. அப்பா என்னை ஒரு பார்வை பார்த்து, "நீ போயி காரப் பாரு. இங்க ஒனக்கு ஒண்ணும் வேலையில்ல" என்றார். (அப்பா தீர்க்கதரிசி. ஆனால் கார் சீக்கிரம் வெளியே வந்துவிட்டது.)

நான் இல்லாத நேரத்தில் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அக்கா தேத்தண்ணி கொடுத்து, கும்பிட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எல்லோருக்கும் திருப்தி. வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்துவிட்டார்கள். அப்போது தாய்மாமன், "எங்க குடும்பத்துல ஒரு வழக்கம் இருக்குங்க. தட்டு மாத்துறதுக்கு முந்தி பல்லி வாக்கு கேப்போம். சாமி மூலையில பல்லி சொன்னா அந்தக் கணமே மாத்திருவோம். அதுவரைக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்றிருக்கிறார். அப்பா சரியென்று தலையாட்டியிருக்கிறார். சபை அமைதியாகிவிட்டது. எங்கள் வீட்டுப் பல்லி, அடுப்புச் சூட்டுக்காகச் சாமி படத்துக்குப் பின்னால் குடியிருந்தது. மலைக் குளிரில் பல்லி அநாவசியமாக வாயைத் திறக்காது. அந்த வீட்டில் அவ்வளவு அடக்கமாக இருந்தது அது ஒன்றுதான்.

இது எதுவும் தெரியாமல், முழங்கால் வரை சேற்றோடு நான் உள்ளே நுழைகிறேன். என்ன பார்க்கிறேன்? தாய்மாமன் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார். மாப்பிள்ளையின் அம்மா சுவரைப் பார்க்கிறார். மாப்பிள்ளை தன் கையைப் பார்க்கிறார். அப்பா காலைப் பெரட்டில் பேர் கொடுக்கும்போது துரை முன்னால் நிற்பதைப் போல விறைத்துப்போய் இருக்கிறார். ஊசி விழுந்தால் கேட்கும். வெற்றிலைத் தட்டைத் தொட ஆளில்லை.

ஐஸ்! வாழ்க்கையில் அவ்வளவு பெரிய ஐஸை நான் பார்த்ததே இல்லை.

அப்பா என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். 'படித்த மகனே, நீதான் காப்பாற்ற வேண்டும்' என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அடுப்படி வாசலில் நின்ற அம்மா உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினார். அம்மாவுக்கு அந்த வாரம் பல்வலி. பாவம், வலி தாங்கவில்லை போல என்று நினைத்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"மழைதான் விடவே மாட்டேங்குது, இல்லீங்களா?"

தாய்மாமன் கண்ணைத் திறந்து, மறுபடி மூடிக்கொண்டார்.

"உடப்புசல்லாவையில எப்பிடிங்க? அங்கிட்டு நல்ல வெயிலுன்னு பேசிக்கிட்டாங்க."

மாப்பிள்ளையின் அம்மா சுவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். சாவு வீட்டில் அந்தத் தம்பி பார்த்த அதே பார்வை. நான் சளைக்கவில்லை. முதல் படியில் உடையாவிட்டால் இரண்டாவது படி இருக்கிறதே.

"கார் தள்ளப் போயி, கார் மேல வந்துருச்சுங்க. நான்தான் உள்ள போயிட்டேன்" என்று சொல்லி, சேறு ஒழுகுகிற காற்சட்டையைக் காட்டினேன்.

மாப்பிள்ளையின் உதடு லேசாகத் துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொள்கிறார்! என்னைக் கெடுத்தது அந்த உதடுதான். உடைந்துவிட்டது, இன்னும் ஒரே ஒரு தட்டுத் தட்டினால் போதும் என்று எனக்குள் ஒரு துரை எழுந்து நின்றார். மூன்றாவது படி. வீட்டாரைக் கேலி செய்வது. அக்காவின் சமையலைப் பற்றி ஏதாவது சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதுதான் எண்ணம். நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது.

"நான் சேத்துல விழுந்ததாச்சும் பரவாயில்லீங்க. எங்க அக்கா, கணக்கப்பிள்ளை தலையில கொழுந்துக் கூடையையே கவுத்துட்டாங்க, தெரியுங்களா?"

சொல்லிவிட்டுச் சிரித்தேன். சின்ன துரை சிரிப்பதைப் போல, வயிறு குலுங்க. தனியாகத்தான் சிரித்தேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அடுப்படியில் ஏதோ பாத்திரம் விழுந்தது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா முகம் வெளுத்ததைப் பார்த்ததும், அவரைத் தேற்ற வேண்டியது என் கடமை என்று தோன்றியது.

"நீங்க பயப்படாதீங்க அத்தை." (தட்டே மாற்றவில்லை, அதற்குள் அத்தை!) "மாமியார் தலையில எல்லாம் கவுக்க மாட்டாங்க. ஆனா சொல்ல முடியாது, கவுத்தாலும் கவுப்பாங்க!"

"ச்ச், ச்ச், ச்ச், ச்ச்."

சாமி மூலையிலிருந்து. கணீரென்று. அந்த மழைக்காலம் முழுக்க வாயைத் திறக்காத பல்லி.

தாய்மாமன் பழக்கதோஷத்தில் தரையில் விரலால் தட்டி, "நல்ல வாக்கு" என்று ஆரம்பித்தார். பிறகு விரல் அப்படியே நின்றுவிட்டது. ஒருவர் பேசும்போது பல்லி சொன்னால் அவர் பேசியது மெய். இது எங்கள் ஆட்களின் சட்டம். இதற்கு மேல் கோர்ட்டு கிடையாது.

"கேட்டீங்களா அண்ணே?" என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். "பல்லியே சொல்லிருச்சு. எந்திரிங்க, போவோம்."

"இரு தங்கச்சி. சாமி மூலையில சொல்லிருக்கு. நாம கேட்டது அதத்தானே?"

"எதுக்குச் சொல்லுச்சு? என் தலையில கூடையக் கவுக்குறதுக்குல்ல சொல்லுச்சு!"

"நாம மொதல்ல கேட்டோம். இந்தத் தம்பி பொறகுதான் பேசுனாரு. பல்லி யாருக்குப் பதில் சொல்லுச்சுன்னு நமக்கு எப்பிடித் தெரியும்?"

இவ்வளவு நடந்தும் எனக்கு விளங்கவில்லை. "பல்லிக்கு இப்ப என்னாங்க?" என்று கேட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து வந்து, சின்ன கிளாக்கரின் காதைப் பிடித்து, சபை நடுவிலிருந்து வெளியே இழுத்துக்கொண்டு போனார். வாசல் இஸ்தோப்பில் வைத்துத்தான் விஷயத்தைச் சொன்னார். காதை விடாமலே சொன்னார்.

அவர்கள் தட்டைத் தொடாமல் புறப்பட்டார்கள். கார் மறுபடியும் புதைந்தது. மறுபடியும் நான்தான் தள்ளினேன். உள்ளே மாப்பிள்ளையின் அம்மா சேலையைத் தலைக்கு மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து லயங்களில் கூடையோடு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தபடியே போனார் என்பது டிரைவர் பிறகு சொன்னது.

"ஒன்னைய இங்கிலீசு படிக்க வச்ச காசுல நான் ஒரு மாடு வாங்கியிருக்கலாம்" என்றார் அப்பா. அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. திங்கட்கிழமை ஆபிஸில் சின்ன துரை மட்டும்தான் பேசினார். ஞாயிறு எப்படிப் போயிற்று என்றார். வீட்டுக்கு வந்தவர்களிடம் ஐஸை உடைத்தேன் என்றேன். "உடைந்ததா?" என்றார். "எல்லாமே உடைந்தது, சார்" என்றேன். தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அக்கா என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இரண்டொரு நாள் கழித்து, மாலையில், அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டே கேட்டாள்.

"நீ சொன்னது நடந்ததுதான். பொய் ஒண்ணும் சொல்லல. ஆனா ஏன்டா பாதிய மட்டும் சொன்ன?"

"எந்தப் பாதி?"

"அம்மா அன்னைக்குக் காய்ச்சலோட மலைக்கு வந்திருந்தாங்க. கொழுந்து கொறைஞ்சு போச்சுன்னு அந்தக் கணக்கப்பிள்ளை அவங்களக் கெழட்டு மாடுன்னான். அத்தன பேரு முன்னாடி. அம்மா தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னாங்க. அதுக்குத்தான் கவுத்தேன். ஒனக்குச் சிரிப்புக் காட்டுறதுக்கு இல்ல."

எனக்கு அது தெரியாததல்ல. சம்பவம் நடந்த அன்றே வீட்டில் பேசிக்கொண்டதுதான். ஆனால் கூடை விழுந்ததை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு, அம்மா தலைகுனிந்து நின்றதை நான் வசதியாக மறந்திருந்தேன். ஆபிஸில் துரை பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்தவனுக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்குமா? அந்த அடுப்படியில் எனக்கு வந்த வெட்கத்துக்கு இங்கிலீஷில் என்ன தொடர் இருக்கிறது என்று நான் தேடவில்லை.

அடுத்த ஞாயிறு, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் உடப்புசல்லாவைக்குப் போனேன். ரயில், பிறகு பஸ், பிறகு இன்னொரு பஸ். அங்கே நான் நினைத்ததைவிட மழை. மாப்பிள்ளை வீட்டு வாசலில் போய் நின்றதும் அவருடைய அம்மா கதவை முழுக்கத் திறக்காமல் பார்த்தார். உள்ளே கூப்பிட்டது மாப்பிள்ளைதான். பலகையில் உட்கார்ந்தேன். அவர்கள் இருவரும் எதிரே உட்கார்ந்தார்கள். எனக்கு வாயே வரவில்லை.

"என்னா தம்பி, அன்னைக்கு அம்புட்டுப் பேசுனீங்க?" என்றார் அந்த அம்மா.

மழையில்லை, வெயிலில்லை, கேலியில்லை. அக்கா சொன்ன மறுபாதியை அவள் சொன்னபடியே சொன்னேன். சொல்லி முடிக்கும்போது என் குரல் கொஞ்சம் உடைந்துபோயிற்று. அந்த அம்மா வெகுநேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்த விரல்கள். எங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான்.

"பெத்தவளச் சொன்னதுக்கா கவுத்துச்சு?"

"ஆமாங்க."

"கூடை நெறஞ்சிருந்துச்சா?"

"நெறஞ்சிதான் இருந்துச்சுங்க."

"நல்லாச் செஞ்சுச்சு." அந்த விரல்களை மடக்கிக்கொண்டு, "என்னையும் ஒருத்தன் இப்பிடித்தான் பேசுனான். இவன் அப்ப கைப்பிள்ளை. நான் கூடையத் தூக்கிக்கிட்டு சும்மா வந்துட்டேன்" என்றார்.

மாப்பிள்ளை எழுந்து எனக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனார். அவருக்கும் இந்தக் கதை அன்றுதான் தெரியும் என்று அவர் முகத்தைப் பார்த்தபோது தோன்றியது.

தை மாதத்தில் கல்யாணம். பல்லி சொன்னது சொன்னதுதான், அதை மாற்ற முடியாது என்று தாய்மாமன் தீர்ப்பளித்தார். மாப்பிள்ளையின் அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: தாலி ஏறும்வரை இந்தத் தம்பி வாயைத் திறக்கக் கூடாது. அப்பா அதை எழுத்தில் தரக்கூடத் தயாராக இருந்தார். முகூர்த்த நேரம் முழுக்க என் வாயில் ஒரு முழுக் கதலிப்பழம் இருந்தது. வைத்தது அம்மா.

பல்லி சொல்லியும் அந்த மாமியார் தலையில் கூடை கடைசிவரை விழவில்லை. அவரும் கடைசிவரை அக்காவைக் குரல் உயர்த்திப் பேசவில்லை. அது மரியாதையா பயமா என்று நான் கேட்டதில்லை. எதைக் கேட்கக் கூடாது என்று அதற்குள் கொஞ்சம் தெரிந்திருந்தது.

ஆனால் குடும்பம் என்னை மன்னிக்கவில்லை. எங்கள் வீட்டில் எந்தப் பெண்ணுக்குச் சம்பந்தம் பேசினாலும், மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கு வருவதற்கு முன்னால் யாராவது ஒரு குட்டி என்னிடம் வந்து, "தாத்தா, ஐஸ் உடைக்கிற வேலை இன்னைக்கு இல்லையாம்" என்று சொல்லிவிட்டு ஓடும். என்னை அனுப்புவதற்கு ஒரு வேலையும் எப்படியோ கிடைத்துவிடும்.

போன வருடம் அக்காவின் பேத்தியைப் பார்க்க வந்தார்கள். என்னைக் கொல்லைப்புறத்துப் பாக்கு மரத்தடியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். காற்று நல்லா வருமாம். சற்று நேரத்தில் மாப்பிள்ளை வீட்டாரிலிருந்தும் ஒரு வயதானவரை யாரோ கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்து, எனக்கு எதிரே இன்னொரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, "இங்கயே இருங்க சித்தப்பா, காத்து நல்லா வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்ன செய்திருப்பாரோ, தெரியவில்லை. நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு பேரும் மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அக்காதான் இரண்டு தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தாள். இப்போது அவளுக்கு நிமிர்ந்து நடக்க முடிவதில்லை. கோப்பைகளைக் கொடுத்துவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன்டா, ரெண்டு பேரும் இப்பிடி உம்முன்னு உக்காந்திருக்கீங்க? வந்தவரோட ஏதாச்சும் பேசுறது?"

நான் வாயைத் திறக்கவில்லை. எதிரே இருந்தவரும் திறக்கவில்லை. அக்கா திரும்பி வீட்டுக்குள் போகும்வரை அவள் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது.